குழந்தைகளின் காவலர் பெஞ்சமின் வாஹ் ஐயர்

தோற்றுவாய்

தமிழிலுள்ள சிற்றிலக்கியங்களுள் பிள்ளைத்தமிழும் ஒன்று என்பதை நம் கல்லூரி மாணவர் யாவரும் அறிவர். அதன் பத்துப் பருவங்களுள் முதற்கண் நிற்பது காப்புப் பருவம். செங்கீரை ஆடுதற்கு முன்னும், தாலாட்டுக் கேட்டற்கு முன்னும், சப்பாணி கொட்டுதற்கு முன்னும் குழந்தைக்கு வேண்டப்படுவது காவலே என நம் புலவர் கருதினர். பாடப்பெறுவோர் தெய்வமேயாயினும், குழந்தை என்ற அளவில் அவருக்கும் காப்பு வேண்டும் என்பது அவர்தம் உள்ளக் கிடக்கை. வள்ளுவரும் வாழ்க்கைத் துணைநலத்தைக் கூறியவுடன் மக்கட்பேற்றினை வைத்து, இல்லறத்தில் மக்கட்கு உரிய இடம் எத்தகையது என்பதை அதிகார முறையாலேயே காட்டினார்.

ஆயினும், காப்பளிக்க வேண்டிய தந்தையும் தாயுமே குழந்தையைத் துன்புறுத்துவராயின், அதற்குக் காப்பாவார் யாவர்? வேலியே பயிரை மேயத் தொடங்கினால் பயிர் யாரிடம் முறையிடும்? அயலான் அடித்த குழந்தை அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடிவரும்; வீட்டிலே அடியுண்ட குழந்தை ஓடுதற்கு இடம் ஏது? இவ்வினாவினை வாழ்நாளின் பெரும்பகுதி நெஞ்சிற் சுமந்து, சங்கத்தாலும் சட்டத்தாலும் அதற்கு விடைகாண முயன்ற பெரியார் ஒருவர் இங்கிலாந்து தேயத்தில் வாழ்ந்தார். அவரே பெஞ்சமின் வாஹ் ஐயர். அவர்தம் வரலாற்றைச் சுருங்கக் கூறுதலும், அதனால் நாம் அறியத்தக்கது யாது எனக் காண்டலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

வாஹ் ஐயர் 1839 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20 ஆம் நாள், வட இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சார்ந்த செட்டில் என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் செய்யும் தொழிலினர். செல்வரும் அல்லர், வறிஞரும் அல்லர். ஐயர் சிறு பருவத்திலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடிந்தபின், சவுத்போர்ட் நகரிலே துணி வணிகர் ஒருவரிடம் தொழில் பழக விடப்பட்டார். துணி அளந்து கொடுத்த கைகள் பின்னர் வேதபுத்தகத்தைத் தாங்க விரும்பின. 1862 இல் பிராட்போர்டு நகரிலிருந்த ஏர்டேல் இறையியற் கல்லூரியிற் சேர்ந்து, காங்கிரிகேஷனல் திருச்சபையின் குருத்துவப் பணிக்குப் பயிற்சி பெற்றார். 1865 இல் சாராள் பூத்ராய்டு அம்மையாரை மணந்தார். அவ்வம்மையார் அவரது உழைப்பு மிகுந்த வாழ்வில் உற்ற துணையாக நின்றார். மக்கள் பலர் பிறந்தனர். அவர்களுள் ரோசா என்னும் மகளார் பிற்காலத்தில் தந்தையின் வரலாற்றை நூலாக எழுதி 1913 இல் வெளியிட்டார்.

கிரீனிச்சில் ஆற்றிய பணி

சிலகாலம் நியூபெரி என்னும் ஊரில் ஊழியம் செய்தபின், 1866 இல் ஐயர் இலண்டன் மாநகரின் பகுதியாகிய கிரீனிச்சுக்கு வந்தார். தேம்ஸ் ஆற்றங்கரையிலிருந்த அப்பகுதியின் சந்துகளில் உண்ண உணவும் உடுக்க உடையுமின்றித் திரிந்த சிறுவர் பலரைக் கண்டார். ஞாயிறுதோறும் மேடைமேல் நின்று அன்பைப் பற்றிப் பேசுவதோடு தம் கடமை தீர்ந்தது என அவர் எண்ணவில்லை. ஜான் மக்கிரிகர் என்னும் நண்பருடன் கூடி, பழந்தாள் சேர்த்து விற்றலும் பாதரட்சைகளுக்கு மை பூசுதலும் ஆகிய தொழில்களைச் சிறுவர்க்குக் கொடுத்து, பகலில் அவர்களைப் பேணும் ஒரு நிலையத்தை ஏற்படுத்தினார். முதன்முறை குற்றம் செய்து அகப்பட்ட சிறுவரைச் சிறைக்கு அனுப்பாமல் ஐயரிடமே ஒப்படைக்க அவ்வூர் மாஜிஸ்திரேட்டுகள் முன்வந்தனர்.

1870 இல் ஆரம்பக் கல்விச் சட்டம் நிறைவேறியபோது இலண்டன் கல்விச் சபை தோன்றியது. அறிவியற் பேரறிஞராகிய ஹக்ஸ்லியும் அங்கம் வகித்த அம்முதற் சபைக்குக் கிரீனிச்சு மக்கள் ஐயரைத் தேர்ந்தெடுத்தனர். 1876 இல் உடல்நலம் குன்றி அவர் விலகும்வரை ஏழைச் சிறுவரின் கல்விக்காக உழைத்தார். அக்காலத்தில் அப்பமோ பழமோ திருடிய சிறுவனையும் முதிர்ந்த கள்வரோடு ஒரே சிறையில் அடைப்பதுண்டு. அவ்வழக்கத்தைக் கண்டித்து 1873 இல் ஐயர் ஒரு நூல் எழுதினார். சிறைச்சாலையின் தொட்டில், அதனை ஆட்டுவார் யார் என்று பொருள்படுவது அதன் பெயர். சிறுவர் வழக்குகளைத் தனி நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

தொட்டிலை ஆட்டுவார் யார் என வினவிய அவருடைய உள்ளம், தெருவிலிருந்து மெல்ல வீட்டினை நோக்கிச் சென்றது. தெருவில் திரிந்த சிறுவரிற் சிலர் வீடு இல்லாமையால் அன்று, வீடு இருந்தமையாலேயே தெருவுக்கு வந்தனர் என்பதை அவர் அறிந்தார். அவர்கள் உடம்பிலே காணப்பட்ட தழும்புகள் தெருவிற் பெற்றன அல்ல.

விலங்குக்கும் குழந்தைக்கும் இடைநின்ற வேற்றுமை

இவ்விடத்தில் அக்கால இங்கிலாந்தின் நிலையைச் சிறிது கூறுதல் வேண்டும். மாடு, குதிரை முதலியவற்றைக் கொடுமைப்படுத்துதலைத் தடுக்க அந்நாட்டில் 1822 இலேயே சட்டம் பிறந்தது. 1824 இல் விலங்குகளின் துன்பம் தடுக்கும் சங்கமும் நிறுவப்பட்டது. குழந்தைகளுக்கோ அத்தகைய தனிச் சட்டமும் இல்லை, சங்கமும் இல்லை. உணவும் உடையும் மருத்துவ உதவியும் தராத பெற்றோரைத் தண்டிக்க 1868 இல் ஏழையர் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்யப்பட்டதாயினும், அதன் பயன் மிகச் சிறிதே. தந்தைக்கு மகன் உடைமை என்னும் பழைய எண்ணம் நீதிமன்றத்திலும் வேரூன்றியிருந்தது.

சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழன்ற சிறுவரை மீட்டவர் ஷாப்ட்ஸ்பரிப் பிரபு. குழந்தைகளுக்கு அவரினும் சிறந்த நண்பர் அந்நாட்டில் இலர். அவர்கூட ஒருகால், வீட்டினுள் பெற்றோர் செய்யும் கொடுமை பெரிதே எனினும், அது குடும்பத்தின் அந்தரங்கமாதலின் சட்டம் அங்கே நுழைதல் இயலாது என்று கருத்துத் தெரிவித்தார். இரக்கமற்றவர் அங்ஙனம் கூறியிருப்பின் நாம் வியப்புறோம். இரக்கமே உருவானவரும் வாயிற்படியிலே நின்றுவிட்டார் என்பதால், அவ்வாயிற்படி எத்துணை உயரமானது என்பது புலனாகும்.

அவ்வாயிலை முதலில் கடந்தது அமெரிக்க நாடு. 1874 இல் நியூயார்க்கு நகரில் மேரி எல்லன் என்னும் ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுமி, தன்னை வளர்த்த மாதினால் நாள்தோறும் அடியுண்டு, அறையில் அடைபட்டுக் கிடந்தாள். ஏழையர் இல்லங்களைச் சென்று காணும் எட்டா வீலர் என்னும் அம்மையார் அயலார் வாயிலாக இச்செய்தியை அறிந்தார். உதவி நாடிப் பலரிடம் சென்றும் பயன் பெறாமல், இறுதியில் விலங்கு வதை தடுக்கும் சங்கத் தலைவரான ஹென்றி பெர்க்கு என்பாரை அடைந்தார். அவர் முயற்சியால் சிறுமி நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டாள். அம்மாது ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றாள். அவ்வாண்டின் இறுதியிலேயே குழந்தைகளுக்கென ஒரு சங்கம் அந்நகரில் உருவாயிற்று. மேரி எல்லனோ மணம்புரிந்து, மக்களைப் பெற்று, 1956 வரை வாழ்ந்தாள்.

சங்கத்தின் தோற்றம்

லிவர்ப்பூல் நகரத்துத் தாமஸ் அக்னியூ என்னும் செல்வர் நியூயார்க்குக்குச் சென்று அச்சங்கத்தின் பணியைக் கண்டு, 1883 இல் தம் நகரிலும் அதுபோன்ற ஒன்றை நிறுவினார். நாய்களுக்குப் புகலிடம் அமைக்கக் கூடிய கூட்டமொன்றிலே, குழந்தைகளுக்கும் அத்தகைய இரக்கம் வேண்டும் என ஒருவர் எழுந்து வேண்டியதே அதற்கு வித்தாயிற்று. இலண்டன் நகரில் இதற்கென முயன்றவர்களுள் ஹெஸ்பா ஸ்ட்ரெட்டன் என்னும் கதையாசிரியை ஒருவர். அவர் 1884 இன் தொடக்கத்தில் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி மக்கள் மனத்தைத் தூண்டினார். ஐயர் அப்போது ஞாயிறு மாசிகை ஒன்றின் பத்திராதிபராக விளங்கினார். அம்மையாரின் எழுத்துக்கள் அதில் வெளிவருவதுண்டு. இருவரும் ஒன்றுபட்டனர்.

1884 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8 ஆம் நாள் இலண்டன் மேயரின் மாளிகையில் பெருங்கூட்டம் கூடி, இலண்டன் குழந்தைக் கொடுமைத் தடுப்புச் சங்கம் நிறுவப்பட்டது. ஐயர் அதன் கௌரவக் காரியதரிசியானார். முன்னொருகால் வாயிற்படியிலே தயங்கி நின்ற ஷாப்ட்ஸ்பரிப் பிரபுவே அதன் தலைவராக அமர்ந்தார். முதுமையில் தம் கருத்து மாறுதற்கு அவர் நாணவில்லை. ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையின் கார்டினல் மானிங்கும் இப்பணியில் ஐயரோடு தோளொடு தோள் சேர்ந்தார். வழிபாட்டு முறையால் வேறுபட்ட இவ்விருவரும் 1886 இல் ஒரே கட்டுரையைக் கூடி எழுதி, இங்கிலாந்து நாட்டு இல்லங்களிற் குழந்தைகள் படும் பாட்டினை உலகறியச் செய்தனர்.

ஐயர் கண்ட உண்மைகள்

சங்கத்தின் பணியால் ஐயர் கண்டறிந்த உண்மைகள் சில. அவை இன்றும் எண்ணத்தக்கன.

கொடுமைக்குக் காரணம் வறுமை என்பது அக்காலத்தார் கொள்கை. ஐயர் அதனை மறுத்தார். உண்ண வழியற்ற குடும்பத்தில் தன் பங்கு அப்பத்தையும் பிள்ளைக்கு ஊட்டும் தாயை அவர் கண்டார். நல்ல வருவாயுள்ள இல்லத்திற் பிள்ளையைப் பட்டினியிட்ட தந்தையையும் கண்டார். குற்றம் பையிலிருக்கும் பணத்தைப் பொறுத்ததன்று, நெஞ்சிலிருக்கும் பண்பைப் பொறுத்தது என்பது அவர் முடிவு. ஏழையரைப் பழித்துச் செல்வரை ஐயுறாது விடுதல், செல்வர் வீட்டுக் குழந்தையைக் கைவிடுதலாகும் என்று அவர் உணர்ந்தார்.

அடித்தல் மட்டுமே கொடுமை என்பது மற்றொரு பிழையான கருத்து. சங்கத்தின் முன் வந்தவற்றுள் அடியினும் புறக்கணிப்பே மிகுதி என்பது ஆண்டுகள் செல்லச் செல்லப் புலனாயிற்று. உணவு தாராமை, நோய்க்கு மருந்து தேடாமை, குளிரிலே போர்வையின்றி விடுதல், குடித்துவிட்டுப் பிள்ளையை மறத்தல் ஆகியன ஓசையின்றி உயிரைக் குடிப்பன. அழுகுரல் அயலார் செவிக்கு எட்டும். பசியோ எவர் செவிக்கும் எட்டுவதில்லை.

குழந்தை பேசமாட்டாது என்பது மூன்றாவது உண்மை. துன்புறுத்துபவரையே அது உணவுக்கும் உறையுளுக்கும் நம்பியிருக்கின்றது. பலகால் அவரையே நேசிக்கவும் செய்கின்றது. ஆதலின் அது முறையிடும் எனக் காத்திருத்தல் பயனற்றது. காண்பவரே பேசவேண்டும். அன்றியும், பேசத் துணிந்த குழந்தையின் சொல்லை நீதிமன்றம் ஏற்பதும் அரிதாயிருந்தது. சத்தியப் பிரமாணத்தின் பொருளை அறியாத சிறு பிள்ளையின் சாட்சியம் தள்ளப்பட்டது. இதனால், சிறியவரைக் கெடுத்தோர் தண்டனைக்குத் தப்பினர். 1885 இல் பெண்மக்களைப் பாதுகாக்க வந்த குற்றச் சட்டத் திருத்தத்தில், பிரமாணமின்றியும் இளங்குழந்தையின் சாட்சியத்தைக் கேட்கலாம் என்னும் விதி இடம்பெற ஐயர் உழைத்து வெற்றி கண்டார்.

1889 ஆம் ஆண்டின் சட்டம்

ஆயினும் ஐயரின் தலையாய சாதனை 1889 இல் நிறைவேறிய குழந்தைக் கொடுமைத் தடுப்புச் சட்டமேயாம். முண்டெல்லா என்பவர் பார்லிமெண்டில் மசோதாவைக் கொணர்ந்தார். வெளியே நின்று சான்றுகளைத் திரட்டித் தந்தவரும், உறுப்பினர் பலரை நேரிற் கண்டு வாதாடியவரும் ஐயர். இல்லத்தின் தூய்மையைச் சட்டம் கெடுக்கும் என்றும், தந்தையின் அதிகாரம் அழியும் என்றும் எதிர்த்தோர் பலர். தந்தைமை என்பது அதிகாரமன்று, கடமை என்பதே ஐயரின் விடை. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் மசோதா சட்டமாயிற்று.

அதன்படி, 14 வயதிற்குட்பட்ட ஆண்குழந்தையையோ 16 வயதிற்குட்பட்ட பெண்குழந்தையையோ தம் பொறுப்பிற் கொண்டவர் வேண்டுமென்றே துன்புறுத்தினாலும், புறக்கணித்தாலும், கைவிட்டாலும் தண்டனைக்குரியர். கொடுமை நிகழ்கின்றது என நம்புதற்கு இடமிருப்பின், நீதிபதியின் ஆணை பெற்று இல்லத்தினுள் நுழையலாம். தண்டனை பெற்ற பெற்றோரிடமிருந்து குழந்தையை நீக்கி, உறவினரிடமோ தகுதியுடைய பிறரிடமோ ஒப்படைக்கலாம். கணவனுக்கு எதிராக மனைவியும், மனைவிக்கு எதிராகக் கணவனும் சாட்சி கூறலாம். இவ்விறுதி விதியின் அருமையைச் சிறிது எண்ணுக. தந்தை குழந்தையை அடித்ததைக் கண்டவள் பலகால் தாய் ஒருத்தியே. அவள் வாயைச் சட்டமே கட்டியிருந்தது. அக்கட்டினை 1889 ஆம் ஆண்டு அவிழ்த்தது. விலங்குகளுக்குச் சட்டம் பிறந்து 67 ஆண்டுகள் கழிந்தபின் குழந்தைகளுக்குச் சட்டம் பிறந்தது.

அதே ஆண்டில் இலண்டன் சங்கம் நாடு முழுமைக்கும் உரிய தேசிய சங்கமாயிற்று. விக்டோரியா அரசியார் அதன் காப்பாளராக இசைந்தார். 1895 இல் அரச சாசனமும் கிடைத்தது.

சங்கம் பணிசெய்த முறை

சட்டம் ஏட்டில் இருந்தாற் போதாது, வாயிலைத் தட்டுதற்கு ஒரு கை வேண்டும் என்பதை ஐயர் அறிவார். ஆதலின் நாடெங்கும் இன்ஸ்பெக்டர்களை நியமித்தார். சீருடை அணிந்து தெருத்தெருவாகச் சென்ற அவர்களை, கொடுமையை விசாரிக்கும் மனிதர் என்று பொருள்படும் பெயரால் மக்கள் அழைத்தனர். அயலாரோ ஆசிரியரோ செய்தி தந்தவுடன் அவர்கள் அவ்வில்லம் செல்வர். குழந்தையின் உடம்பையும், படுக்கையையும், அடுக்களையையும் கண்டு குறிப்பெழுதுவர்.

அங்ஙனம் கண்டவர்களை எல்லாம் நீதிமன்றத்துக்கு இழுத்தல் ஐயரின் நோக்கமன்று. பெரும்பாலோர்க்கு எச்சரிக்கையே தரப்பட்டது. இன்ஸ்பெக்டர் மீண்டும் மீண்டும் சென்று, திருந்தினரா எனப் பார்த்து வருவார். குழந்தையை வீட்டினின்று பிரித்தலை விட, வீட்டைக் குழந்தைக்குத் தக்கதாக்குதலே மேல் என்பது அவர் கொள்கை. பெற்றோரின் சுமையைத் தாம் ஏற்றுக்கொள்ளாமல், அவர்களையே தம் சுமையைச் சுமக்கச் செய்ய விரும்பினார். இயலாதவிடத்தே வழக்கு, அதற்கும் அடங்காவிடத்தே பிரிவு.

செய்தி தந்தவரின் பெயரைச் சங்கம் வெளியிடுவதில்லை. பகைக்கு அஞ்சி அயலார் வாய்மூடுதல் கூடாது என்பதே அதன் காரணம். மிகப் பின்னர், 1977 இல், இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இவ்வழக்கம் முறையானதே என ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது.

குறைகளும் இடர்களும்

பெரியார் வரலாற்றை எழுதுவோர் அவர் குறைகளை மறைத்தல் முறையன்று. ஐயர் விரைந்த உள்ளத்தினர். தாம் கொண்டதை எளிதில் விடார். குழந்தை இறந்தால் பணம் பெறும் காப்பீட்டுமுறை கொலைக்குத் தூண்டுகின்றது என எண்ணி, அதனைத் தடுக்க 1890 இல் பெருங்கிளர்ச்சி செய்தார். அத்தீமை சில இல்லங்களில் இருந்திருக்கலாம். எனினும், இறந்த பிள்ளையை மானமாக அடக்கம் செய்தற்கே காசு காசாகச் செலுத்திய ஏழைத் தாய்மார் எண்ணற்றோர். அவர்கள்மீதும் ஐயத்தின் நிழல் விழுந்தது. ஏழையரைப் பழித்தலாகாது எனக் கூறியவரே இதில் தவறினார் என்று கூறல் வேண்டும். அதற்கென வந்த மசோதாவும் நிறைவேறவில்லை.

பணத்தைக் கையாளும் முறைபற்றிக் கருத்து வேறுபட்டு, ஹெஸ்பா ஸ்ட்ரெட்டன் அம்மையார் 1894 இற் சங்கத்தினின்று விலகினார். அதன்பின் ஐயரின் நிர்வாகத்தைக் குறித்துப் பொதுமக்களிடையே குற்றச்சாட்டுகள் எழுந்தன. ஹெர்ஷல் பிரபுவின் தலைமையில் ஆராய்ந்த குழுவினர் 1897 இல் அவர்மீது களங்கமில்லை எனத் தெளிவித்தனர். அந்நாட்களில் அவர் பட்ட மனத்துயர் பெரிது. ஆயினும் பணியை நிறுத்தவில்லை.

மற்றொரு குறை சட்டத்திலேயே இருந்தது. பெற்றோரும் ஆசிரியரும் குழந்தையைத் தண்டிக்கும் உரிமைக்கு இச்சட்டத்தால் ஊறில்லை என 1889 ஆம் ஆண்டின் சட்டம் வெளிப்படையாகக் கூறியது. கொடுமை எங்கே தொடங்குகின்றது, தண்டனை எங்கே முடிகின்றது என்பது நீதிபதியின் கருத்துக்கு விடப்பட்டது. பெற்றோரும் பிள்ளையை அடித்தலாகாது எனச் சட்டம் செய்த முதல் நாடு சுவீடன். அது நிகழ்ந்தது 1979 இல்.

இறுதிக்காலம்

உடல் தளர்ந்தமையால் 1905 இல் ஐயர் தலைமைப் பொறுப்பினின்று ஓய்வுபெற்றார். 1908 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11 ஆம் நாள், சவுத்தெண்டு நகரை அடுத்த வெஸ்ட்கிளிப்பு என்னும் கடற்கரை ஊரில் தம் 69 ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவ்வாண்டின் இறுதியிலே பெரியதொரு குழந்தைச் சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறி, சிறுவர்க்குத் தனி நீதிமன்றங்களை ஏற்படுத்தியது. 1873 இல் அவர் விதைத்தது 35 ஆண்டுகள் கழித்து விளைந்தது. அறுவடையைக் காண அவர் இல்லை. நெருங்கிய இரத்த உறவினரே இளையோரைக் கெடுக்கும் இழிசெயலைக் குற்றமாக்கிய சட்டமும் அதே ஆண்டில் வந்தது. அதற்கும் அவர் நிறுவிய சங்கம் உழைத்திருந்தது.

அவருக்குப் பின் அறிவு வளர்ந்தது. 1962 இல் ஹென்றி கெம்பி என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர் தோழரும், இடறி விழுந்ததாகப் பெற்றோர் கூறிக் கொண்டுவரும் குழந்தைகளின் எலும்புகளில் எக்ஸ்ரே படத்தாற் காணப்படும் பழைய முறிவுகள் வேறு கதை சொல்லுகின்றன என்பதை மருத்துவ உலகத்துக்குக் காட்டினர். இன்ஸ்பெக்டரின் கண் காணாததை மருத்துவரின் கருவி கண்டது. 1989 இல் ஐக்கிய நாடுகள் சபை குழந்தைகளின் உரிமைகளை உடன்படிக்கையாக வகுத்தது. ஐயரின் சட்டத்துக்கும் இதற்கும் இடைப்பட்ட காலம் சரியாக நூறாண்டு.

முடிவுரை

இவ்வரலாறு கடல்கடந்த நாட்டைச் சார்ந்தது. நமக்கு என்னை எனச் சிலர் வினவலாம். இதனை எழுதுங்கால் என் நினைவுக்கு வந்த ஒன்றைக் கூறி அமைவேன்.

யான் பள்ளியிற் பயின்ற நாளில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் என்னினும் இளையனாகிய சிறுவன் ஒருவன் இருந்தான். இரவு நேரங்களில் அவன் அழுகுரல் எங்களுக்குக் கேட்கும். அவன் தந்தையார் தெருவில் யாவரிடமும் இன்முகத்தோடு பேசுபவர். எங்கள் வீட்டார் இரக்கமற்றவர் அல்லர். அக்குரல் கேட்கும்போதெல்லாம் வருந்துவர். ஆயினும் அது அவர்கள் வீட்டுக் காரியம் என்று கூறி, என்னைப் படிக்கச் சொல்லுவர். ஓரிரவு குரல் மிகவே, எழுந்து சன்னலைச் சாத்தியவன் யானே. மறுநாள் அவன் பள்ளிக்கு முழுக்கைச் சட்டை அணிந்து வந்தான். வெயில் கொளுத்தும் சித்திரை மாதம் அது. யான் ஒன்றும் கேட்கவில்லை. சில திங்களில் அக்குடும்பம் வேறூர் சென்றுவிட்டது.

வாஹ் ஐயரின் வரலாற்றைப் படித்தபோது, ஷாப்ட்ஸ்பரிப் பிரபு தயங்கி நின்ற அவ்வாயிற்படியும், யான் சாத்திய அச்சன்னலும் ஒன்றே எனத் தெரிந்தேன். பிரபுவோ பின்னர் வாயிற்படியைக் கடந்தார்.

அன்று எங்களுக்கு வழி தெரியவில்லை. இன்று வழி தெரியாது எனக் கூற இயலாது. நம் நாட்டில், 2007 இல் மத்திய அரசினர் வெளியிட்ட ஆராய்ச்சி 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தப்பட்டது. அவர்களுள் மூவரில் இருவர் உடலால் துன்புறுத்தப்பட்டவர் என்றும், குடும்பத்தினுள் அத்துன்பம் செய்தவருட் பெரும்பாலோர் பெற்றோரே என்றும் அது தெரிவித்தது. குழந்தைகளைப் பாலியற் குற்றங்களினின்று காக்கும் சட்டம் 2012 இல் வந்தது. அத்தகைய குற்றம் நிகழ்ந்ததை அறிந்தும் அறிவியாதிருத்தல் அச்சட்டப்படி குற்றம். பொறுப்பிலுள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவோர்க்கு 2015 ஆம் ஆண்டின் இளையோர் நீதிச் சட்டம் தண்டனை விதிக்கின்றது. 1098 என்னும் எண்ணை எவரும் காசின்றித் தொலைபேசியில் அழைக்கலாம். குழந்தையும் அழைக்கலாம், அயலாரும் அழைக்கலாம்.

நம் கல்லூரியினின்று செல்வோருட் பலர் ஆசிரியராவர், சிலர் மருத்துவராவர், சிலர் குருமாராவர், பெரும்பாலோர் பெற்றோராவர், எல்லாரும் எவருக்கேனும் அயலாராவர். வகுப்பில் ஒரு பிள்ளை காரணமின்றி மெலிந்தால், கை ஓங்கியவுடன் பதறி ஒதுங்கினால், வீட்டுக்குச் செல்லத் தயங்கினால், முழுக்கைச் சட்டைக்குள் எதனையோ மறைத்தால், அதனிடம் தனிமையில் இன்சொல்லாற் கேட்போமாக. அது சொல்லியதை நம்புவோமாக. நமக்குள்ளேயே வைத்துக்கொள்ளாமல், உதவ வல்லாரிடம் கொண்டுசெல்வோமாக. பெற்றோரும் தளர்ந்து சினந்து நிற்பாராயின், பழித்து ஒதுக்காமல் அவர்க்கும் கைகொடுப்போமாக; வீட்டைத் திருத்துதலே வாஹ் ஐயர் காட்டிய வழி.

சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடுமாறு சீடர்க்குக் கட்டளையிட்டார் நம் ஆண்டவர். அவர்களைத் தடுத்தவர் பகைவரல்லர்; நல்லெண்ணம் கொண்ட சீடரே. நல்லெண்ணம் உடையோரும் பிள்ளைகளின் வழியில் நிற்கக் கூடும் என்பதை அது நமக்கு நினைவூட்டுகின்றது. பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர் முதலில் வைத்த காப்பினை, நாமும் முதலில் வைத்தல் தக்கது.